ஆர்வி770 ஜெயித்ததா, இல்லையா? சின்ன டை, பெரிய டை, அப்புறம் கணக்குப் புத்தகம்

#1 மின்தறி

வணக்கம். ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி இது. சிப் வடிவமைப்பில் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு ஒரு பக்கம்தான் தெரிகிறது. மற்றவர்கள் மீதியைச் சொல்லுங்கள்.

2008 ஜூன். ஒரே மாதத்தில் இரண்டு ஜிபியு (கேமில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்) வந்தன. என்விடியாவின் ஜிடி200: 576 சதுர மி.மீ., 140 கோடி டிரான்சிஸ்டர், 65 நானோமீட்டர் தயாரிப்பு முறை. அதில் செய்த ஜிடிஎக்ஸ் 280 கார்டு 649 டாலர், கொஞ்சம் வெட்டிக் குறைத்த 260 கார்டு 399 டாலர். எதிரே ஏடிஐயின் ஆர்வி770. ஏடிஐயை ஏஎம்டி வாங்கி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆர்வி770 சுமார் 256 சதுர மி.மீ., 95.6 கோடி டிரான்சிஸ்டர், 55 நானோமீட்டர். எச்டி 4870 விலை 299 டாலர், 4850 விலை 199 டாலர்.

டை, அதாவது வெட்டியெடுத்த சிலிக்கான் துண்டு, பாதிக்கும் குறைவான பரப்பு. ஆனால் 4870 நேராக 260 கார்டோடு மோதியது, பல கேம்களில் தாண்டியும் போனது. ஒரு மாதத்துக்குள் என்விடியா 280ஐ 499 டாலருக்கும் 260ஐ 299 டாலருக்கும் இறக்க வேண்டியதாயிற்று.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சேலையில் 140 இடத்தில் பொடிப்பொடியாகக் கறை இருக்கிறது என்று வையுங்கள். பெரிய பெரிய துண்டாக வெட்டினால் கறை படாத துண்டு கிடைப்பதே அபூர்வம். கைக்குட்டையாக வெட்டினால் பாதிக்கு மேல் சுத்தமாகத் தேறும். 300 மி.மீ. வேஃபரில் (சிப்களை வெட்டியெடுக்கும் வட்டச் சிலிக்கான் தகடு) ஓரத்து வீணைக் கழித்தால் ஜிடி200 சுமார் 95 வெட்டலாம், ஆர்வி770 சுமார் 230 வெட்டலாம். அதே 140 குறை வேஃபரில் சிதறிக் கிடந்தால், குறையே படாமல் தப்புவது முதலாவதில் 30 அளவுக்கு, இரண்டாவதில் 140 அளவுக்கு. (இந்த 140 நான் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். சிப்பைத் தயாரித்துக் கொடுக்கும் டிஎஸ்எம்சியின் உண்மையான எண்ணை அவர்கள் வெளியே சொல்வதில்லை.) குறை பட்டதில் சில பகுதிகளை அணைத்துவிட்டு 260 கார்டாக விற்கலாம், சரி. அப்போதும் இடைவெளி பெரிதுதான்.

ஏடிஐ இந்த முடிவுக்குச் சும்மா வரவில்லை. அதற்கு முந்தைய ஆர்600 அவர்களும் செய்த ராட்சதன்தான்: 420 சதுர மி.மீ., 512 பிட் மெமரி. 2007 மே மாதம் தாமதமாக வந்து, அரை வருடம் முன்பே வந்துவிட்ட என்விடியாவின் 8800 ஜிடிஎக்ஸிடம் தோற்றது. அதன் பிறகு எடுத்த பாதைதான் இது: நடுத்தரக் கார்டுக்கு ஏற்ற அளவில் ஒரே ஒரு சிப், உச்சியில் விற்க அதையே ஒரு கார்டில் இரண்டாக வை. 4870 எக்ஸ்2 அப்படி வந்தது.

வடிவமைப்பில் இதைவிடத் தெளிவான வெற்றியை நான் பார்த்ததில்லை. அப்படி ஜெயித்தவர்கள் ஏன் அடுத்த பத்து வருடம் திணறினார்கள்? தோற்றவர்கள் எப்படி இன்று இந்த உயரத்தில் இருக்கிறார்கள்?

#2 ஈயப்பற்று

தம்பி, உங்கள் எண்ணை நான் கையால் அளந்தே பார்த்திருக்கிறேன். கார்டு சர்வீஸ் செய்வதுதான் என் பிழைப்பு. 4870இன் ஹீட்சிங்கைக் கழற்றினால் டை மூடியில்லாமல் அப்படியே தெரியும். வெர்னியரை வைத்தால் பக்கத்துக்கு 16 மி.மீ. பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டால் முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. 280 கார்டில் டையைப் பார்க்கவே முடியாது, மேலே தடித்த உலோக மூடி. அதைப் பிளேடு விட்டுப் பெயர்த்த பிறகுதான் 24 மி.மீ. பக்கம் உள்ள அந்தச் சதுரம் தெரியும். முதல் தடவை பார்த்தபோது கொஞ்ச நேரம் அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். சுற்றி இருக்கும் மெமரி சிப்பை எண்ணினால் 280இல் 16, 512 எம்பி 4870இல் 8. சிப் மட்டுமில்லை, போர்டே மலிவு.

#3 மின்தறி

ஈயப்பற்று அண்ணே, அந்த 8க்கும் 16க்கும் பின்னால்தான் பெரிய சூதாட்டம் இருக்கிறது. மெமரி வேகம் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, அகலமான பாதை: 512 பிட். அதற்கு டையின் ஓரம் முழுக்க மெமரிக் கால்கள் வேண்டும், அதனால் டை சின்னதாக இருக்கவே முடியாது. இன்னொன்று, ஒவ்வொரு கம்பியிலும் வேகத்தைக் கூட்டுவது. ஏடிஐ இரண்டாவதைப் பிடித்தது. ஜிடிடிஆர்5 அப்போது எந்தக் கார்டிலும் வராத புது மெமரி. அது நேரத்துக்கு வராமல் போயிருந்தால் 4870 என்ற கார்டே கிடையாது. வந்தது. 256 பிட்டிலேயே நொடிக்கு 115 ஜிபி. ஜிடிஎக்ஸ் 280 இரண்டு மடங்கு அகலத்தில் 142 ஜிபிதான் எடுத்தது.

#4 கட்டைவிரல்

எனக்கு இதில் குழப்பமே இல்லை. 649 டாலர் கேட்டவனை ஒரு மாதத்தில் 499க்கு இறக்கியது எதுவோ அது ஜெயித்தது. கேம் ஆடுகிறவன் கையில் போய்ச் சேர்ந்த லாபத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 4850 வாங்கிய பையன்கள் அதில் மூன்று நான்கு வருடம் ஆடினார்கள்.

#5 இருப்புநிலை

நான் ஆடிட்டர். சிப் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆண்டறிக்கை படிக்கத் தெரியும்.

மின்தறி கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் 2006இலேயே இருக்கிறது. ஏடிஐயை ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 250 கோடி கடன். 2007இல் ஏஎம்டியின் நிகர நஷ்டம் சுமார் 338 கோடி டாலர், அடுத்த வருடம் மீண்டும் 300 கோடிக்கு மேல். அந்த நஷ்டத்தில் ஒரு பெரிய பங்கு, ஏடிஐக்குக் கொடுத்த விலை அதிகம் என்று தாங்களே ஒப்புக்கொண்டு மதிப்பைக் குறைத்து எழுதியது. அதாவது, ஆர்வி770 கடைக்கு வந்த நேரத்தில் வீடு கடனில் மூழ்கிக் கிடந்தது. பிள்ளை நன்றாகச் சம்பாதித்தாலும் வட்டிக்கே போய்விடும் நிலை.

எதையெல்லாம் விற்றார்கள் என்று பாருங்கள். சிப் தயாரிக்கும் ஆலைகளை அபுதாபிப் பணத்தோடு தனியாகப் பிரித்தார்கள், அதுதான் குளோபல்ஃபவுண்டரீஸ். 2009 ஜனவரியில் கைபேசி கிராபிக்ஸ் பிரிவைக் குவால்காமுக்குக் கொடுத்தார்கள், வெறும் 6.5 கோடி டாலருக்கு. இன்று ஸ்நாப்டிராகன் போன்களில் இருக்கும் அட்ரினோ அதன் வழி வந்ததுதான். ரேடியான் என்ற ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் அட்ரினோ வரும். ஸ்மார்ட்போன் காலம் தொடங்கும் நேரத்தில் அதை விற்றதை என்னால் இன்றும் வருத்தமில்லாமல் படிக்க முடிவதில்லை.

ஆகவே சிப்பின் வெற்றி வேறு, கம்பெனியின் வெற்றி வேறு. லாபம் எவ்வளவு வந்தது என்று கேட்டால் போதாது. வந்த லாபம் அடுத்து எதை வாங்கிக் கொடுத்தது என்றும் கேட்க வேண்டும்.

#6 கட்டைவிரல்

சார், அதே நேரம் என்விடியாவும் நஷ்டத்தில்தானே இருந்தது?

#7 இருப்புநிலை

ஆமாம், அங்கேதான் விஷயமே. 2008 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் விற்பனை 410 கோடி டாலர், லாபம் கிட்டத்தட்ட 80 கோடி. அடுத்த ஆண்டு விற்பனை 342 கோடிக்கு விழுந்து 3 கோடி நஷ்டம். அதற்கடுத்தது 333 கோடி, நஷ்டம் 6.8 கோடி. மொத்த லாப விகிதம் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தது 35க்குப் பக்கத்தில் வந்து நின்றது. லேப்டாப் சிப்களின் பழுதுக்காக 2008 ஜூலையில் 19.6 கோடி டாலரைத் தனியாக ஒதுக்கியதும் இதற்குள்தான்.

இப்போது ஆராய்ச்சிச் செலவைப் பாருங்கள். அதே மூன்று ஆண்டில் சுமார் 69 கோடி, 85 கோடி, 90 கோடி. விற்பனை இறங்க இறங்க இது ஏறுகிறது! பெரிய கடன் எதுவும் இல்லாத கம்பெனியால்தான் இப்படிச் செய்ய முடியும். அந்தப் பணம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#8 நிழல்நிரல்

சார் கேட்டதற்கு நான் சொல்கிறேன். அதில் ஒரு பகுதி என் மேசைக்கு வந்தது.

2009இல் நான் ஆராய்ச்சி மாணவி. மூலக்கூறு அசைவுகளைக் கணக்கிடும் ஒரு நிரலை ஜிபியுவில் ஓட்ட வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் 4870 ஒன்றும் ஜிடிஎக்ஸ் 280 ஒன்றும் இருந்தன. காகிதத்தில் போட்டியே இல்லை. 4870: நொடிக்கு 1.2 லட்சம் கோடி கணக்கு. 280: சுமார் 0.93 லட்சம் கோடி. எங்களுக்கு முக்கியமான இரட்டைத் துல்லியத்தில் (ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு மடங்கு பிட்) வித்தியாசம் இன்னும் மோசம்: 4870இல் 240 கிகாஃப்ளாப், அதாவது நொடிக்கு 24,000 கோடி கணக்கு, 280இல் வெறும் 78. வெளிவந்த விலையும் பாதிதான்.

கூடாவை (ஜிபியுவில் பொதுக் கணக்குகளை ஓட்ட என்விடியா தரும் மென்பொருள்) இறக்கிப் போட்ட அன்று மாலையே 280இல் என் முதல் நிரல் ஓடியது. பழக்கமான சி மொழி, நடுவே ஒன்றிரண்டு புதுக் குறியீடு, படிக்க ஒழுங்கான கையேடு, கூடவே ஓடிப் பார்க்க உதாரண நிரல்கள். 4870இல் ப்ரூக் ப்ளஸ் என்ற மொழியோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். ஓடியது. ஆனால் எதிர்பார்த்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை.

காரணம் 4870இல் இருக்கும் 800 கணக்குக் கருவி என்ற எண்ணிலேயே இருக்கிறது. அது 160 தொகுதி, ஒவ்வொன்றிலும் ஐந்து கணக்குக் கருவி. ஐந்துக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்க வேண்டும் என்றால், ஒன்றையொன்று சாராத ஐந்து கணக்குகளைக் கம்பைலர் (நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) ஒவ்வொரு சுற்றிலும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு புள்ளியின் நிறம், இடம் என்று நாலு எண்கள் சேர்ந்தே வரும் கிராபிக்ஸில் இது அழகாக நிரம்பும். என் நிரலில் ஒரு கணக்கின் விடை வந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். ஐந்தில் ஒன்றோ இரண்டோ வேலை செய்யும், மற்றவை சும்மா நிற்கும். ஜிடி200இல் இந்தத் தொல்லை இல்லை. அதன் 240 கருவியும் தனித்தனி எண்களை எடுத்து வேலை செய்பவை. சின்ன இடத்தில் 800ஐ அடைக்க முடிந்ததற்கே காரணம் இந்த ஐந்தைந்து கட்டமைப்புதான். மின்தறி பாராட்டும் அதே சிக்கனம்தான் எனக்குச் சுவராக நின்றது.

இதில் என் மனதைத் தைப்பது ஒன்று உண்டு. இந்தத் துறையில் முதலில் கால் வைத்தது ஏடிஐதான். வீட்டுக் கணினிகளைக் கொண்டு புரத மூலக்கூறுகளைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் 2006இல் முதன்முதலாக ஜிபியுவில் ஓடியது ஏடிஐ கார்டில். ப்ரூக் என்ற மொழி ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. அதைச் செய்தவர்களில் முக்கியமான இயன் பக் என்விடியாவில் சேர்ந்து கூடாவை வளர்த்தார். ஏடிஐக்குக் கிடைத்தது அந்த மொழியின் நகல். என்விடியாவிலோ ஒரு பெரிய குழுவே உட்கார்ந்து கம்பைலர், நூலகம், கையேடு என்று வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தது. சார் சொல்லும் 69, 85, 90 கோடியில் ஒரு பங்கு அதுதான்.

#9 மின்தறி

நிழல்நிரல், நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் இன்று தெரிந்ததை வைத்து அன்றைய முடிவுக்கு மார்க் போடக்கூடாது என்று நினைக்கிறேன். 2008இல் ஜிபியுவில் மூலக்கூறு ஓட்டியவர்கள் எத்தனை பேர்? கேம் ஆடியவர்கள் எத்தனை பேர்? இருக்கிற சந்தைக்குச் செய்வதுதானே பொறியாளர் வேலை?

அந்தப் பெரிய டைப் பாதை அடுத்து எங்கே கொண்டுபோய் விட்டது என்றும் பாருங்கள். ஏஎம்டி 40 நானோமீட்டருக்குப் போகும்போது முதலில் 137 சதுர மி.மீ. ஆர்வி740ஐ விட்டு, அந்தத் தயாரிப்பு முறையின் குணத்தைப் படித்துக்கொண்டது. பிறகு 2009 செப்டம்பரில் எச்டி 5870, 334 சதுர மி.மீ., 379 டாலர். என்விடியாவின் ஃபெர்மி, ஜிடிஎக்ஸ் 480, அரை வருடம் கழித்து 2010 மார்ச்சில்தான் வந்தது. சுமார் 529 சதுர மி.மீ., 300 கோடி டிரான்சிஸ்டர். 512 கருவி வைத்து வரைந்த சிப்பில் 480 மட்டுமே உயிரோடு விற்க முடிந்தது. 250 வாட். யீல்டு, அதாவது குறையில்லாமல் தேறும் சிப்களின் விகிதம், கைகொடுக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 2010 நடுவில் தனிக் கார்டு எண்ணிக்கையில் ஏஎம்டி என்விடியாவையே முந்தியது.

ஒரு பொறியாளனாகக் கேட்கிறேன். அந்த 529இல் என்னதான் வைத்தார்கள்?

#10 ஈயப்பற்று

480 பற்றி நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அதன் கூலரில் வெப்பக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், பக்கவாட்டு உலோகத் தகடே ஹீட்சிங்கின் மேல்பரப்பு. ஓடி முடித்த கார்டைக் கழற்றும்போது ஒருமுறை கை வைத்துவிட்டேன், விரலில் கொப்புளம். அன்றிலிருந்து அந்த மாடல் வந்தால் கால் மணி நேரம் ஆற வைத்த பிறகுதான் தொடுவேன்.

#11 நிழல்நிரல்

மின்தறி கேட்ட “என்னதான் வைத்தார்கள்” என்பதற்கு: மெமரியில் ஒரு பிட் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி. சிபியுவில் இருப்பது போல இரண்டு நிலை கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி). ஒற்றைத் துல்லியத்தில் பாதி வேகத்துக்கு இரட்டைத் துல்லியம். கேம் ஆடுகிறவருக்கு இதில் எதுவும் பெரிதாக உதவாது. கேமில் ஒரு புள்ளியின் நிறம் ஒரு நொடி தவறினால் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் ஓடும் கணக்கில் ஒரு பிட் புரண்டால் மூன்று நாளும் வீண். அந்தப் பரப்பெல்லாம் இன்னும் வராத வாடிக்கையாளருக்காகக் கட்டி வைத்த அறைகள். வாடகையைக் கொடுத்தது அன்றைய கேமர்.

இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

சீனாவின் தியான்ஹெ-1, 2009 நவம்பரில் உலகச் சூப்பர் கம்ப்யூட்டர்களின் டாப்500 பட்டியலில் 5ஆம் இடம். அதில் இருந்த ஜிபியு எது தெரியுமா? மின்தறியின் ஆர்வி770தான். 2,560 எச்டி 4870 எக்ஸ்2 கார்டு, அதாவது 5,120 சிப். ஒரே வருடத்தில் அதை மாற்றிக் கட்டினார்கள். 2010 நவம்பரில் தியான்ஹெ-1ஏ உலகின் முதல் இடத்துக்கு வந்தபோது உள்ளே இருந்தது என்விடியாவின் 7,168 டெஸ்லா எம்2050 கார்டு. ஃபெர்மி.

இரண்டாவது, 2012. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹிண்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் ஒரு நரம்பு வலையைப் பயிற்றுவித்து, இமேஜ்நெட் போட்டியில் மற்ற எல்லோரையும் வெகுதூரம் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்றைய ஏஐ அலை அங்கிருந்துதான் எழுந்தது. ஓட்டியது இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டில், ஐந்தாறு நாள். 580 என்பது 480இன் குறைகளைச் சரிசெய்து 512 கருவியும் உயிரோடு வந்த அதே ஃபெர்மி. கடையில் கேமருக்கு விற்ற கார்டு. சூப்பர் கம்ப்யூட்டருக்கு என்று தனியாக விலை வைத்து விற்ற கார்டு இல்லை. மாணவர் ஒருவர் வாங்கக்கூடிய கார்டிலும் கூடா முழுதாக ஓடியது. அதுதான் எல்லாவற்றுக்கும் அடி.

#12 ஹைவே7

வணக்கம், கனடாவிலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், நிழல்நிரல் தங்கச்சி டொராண்டோவைச் சொன்னவுடன் பேசாமல் இருக்க ஏலவில்லை.

ஏடிஐ பிறந்தது இங்கேதான். 1985இல் ஹாங்காங்கிலிருந்து வந்த குவோக் யுவென் ஹோவும் லாவ் என்ற குடும்பப் பெயர் கொண்ட கூட்டாளிகளும் தொடங்கினது. தலைமையகம் டொராண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில், ஹைவே 7இலிருந்து திரும்பினால் காமர்ஸ் வேலி. எங்கட ஆட்கள் இந்தப் பக்கம் எவ்வளவு பேர் இருக்கினம் என்று உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் படித்த எங்கட பிள்ளைகளுக்கு ஏடிஐயில் வேலை என்றால் வீட்டில் ஒரு பெருமை. பெயர்ப் பலகை ஏஎம்டி என்று மாறின பிறகும் கனகாலம் நாங்கள் ஏடிஐ என்றுதான் சொன்னோம்.

அந்தக் கட்டிடத்திலிருந்து டொராண்டோ பல்கலைக்கழகம் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர். டிராஃபிக் இல்லாவிட்டால் அரை மணித்தியாலம். பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இருந்த ஆட்கள், கலிஃபோர்னியாக்காரன்ட கார்டை வாங்கித்தான் அந்த வேலையைச் செய்தவை. எனக்கு இது தாங்க முடியாத கவலை. ஏனென்றால் இங்கே மூளைக்குக் குறைவு இருக்கவில்லை.

தம்பி மின்தறி, உங்கட சிப் தோற்கவில்லை. அதைச் செய்த ஆட்களுக்கு அடுத்த அடிக்கு ஆள் எடுக்கக் காசு வரவில்லை. இதை நான் கிட்ட இருந்து பார்த்தவன்.

#13 மின்தறி

ஹைவே7 அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

சரி, என் முதல் பதிவில் ஒரு திருத்தம். “தோற்றவர்கள் எப்படி” என்று கேட்டேன். என்விடியா தோற்ற பிறகு என்ன செய்தது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680இன் சிப் 294 சதுர மி.மீ. மட்டும். 256 பிட் மெமரி. ஈசிசி கிடையாது, இரட்டைத் துல்லியம் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது ஏடிஐயின் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 499 டாலருக்கு விற்றார்கள்! ஏஎம்டி ஏறக்குறைய அதே அளவு சிப்பை 2008இல் 299க்குக் கொடுத்தது.

பெரிய சிப்பையும் விடவில்லை. 551 சதுர மி.மீ. ஜிகே110 முதலில் கடைக்கே வரவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்து டைட்டன் சூப்பர் கம்ப்யூட்டருக்கு 18,688 போனது. அதற்குப் பிறகுதான், 2013 பிப்ரவரியில், 999 டாலருக்குக் கேமர் கைக்கு வந்தது. சின்னதா பெரிதா என்று நான் இரண்டாகப் பிரித்து வைத்த உத்தி, அங்கே ஒரே வீட்டில் இரண்டு அறையாக இருந்தது. வீட்டைத் தாங்கியது கூடா.

299 டாலர் தப்பான விலையா என்று இப்போது யோசிக்கிறேன். 349 வைத்திருந்தால்?

#14 இருப்புநிலை

349 வைத்திருந்தாலும் பெரிய மாற்றம் வந்திருக்காது என்பது என் எண்ணம். ஒரு கார்டுக்கு 50 டாலர் கூடினால், அதில் கார்டு தயாரிப்பவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் பங்கு போக ஏஎம்டிக்கு வருவது கொஞ்சம். 300 கோடி டாலர் ஓட்டையை அதை வைத்து அடைக்க முடியாது. 2009இல் அவர்கள் லாபம் காட்டியதே இன்டெல் வழக்குச் சமரசத்தில் வந்த 125 கோடி டாலரால்தான். மேலும் அந்த 299தான் சந்தையை உடைத்த ஆயுதம்.

விலையை விட, அடுத்து வந்த காலத்தைப் பாருங்கள். 2013இல் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஏஎம்டி சிப். லாபம் மெல்லியது, ஆனால் வருடா வருடம் நிச்சயமாக வரும் பணம். ஏஎம்டியின் ரைசன் சிபியு வரும் வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன இடத்தில், குறைந்த மின்சாரத்தில், நிறைய வேலை செய்யும் கிராபிக்ஸைச் செய்யத் தெரிந்த கை ஏடிஐயின் கை. ஆர்வி770இன் பலனை நான் அங்கேதான் எழுதுவேன்.

#15 கட்டைவிரல்

எல்லோரும் ஒத்துப்போய்விட்டீர்கள், எனக்கு மட்டும் ஆறவில்லை.

சார் இருப்பதால் நானும் எண்ணோடு வருகிறேன். 2025 ஜனவரியில் முடிந்த ஆண்டில் என்விடியாவின் விற்பனை 13,050 கோடி டாலர். டேட்டா சென்டர் 11,520 கோடி. கேம் 1,135 கோடி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிழல்நிரல் மேடம் சொன்னாரே, வாடகை கொடுத்தது அன்றைய கேமர் என்று. அந்தக் கேமருக்கு இன்று என்ன கிடைக்கிறது? 2022இல் உச்சக் கார்டாக 4090 வந்தபோதே 1,599 டாலர். இதை வெற்றி என்று சொல்லும்போது யாருடைய வெற்றி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2008இல் இரண்டு கம்பெனியும் எங்களுக்காக அடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு மாதம் மறுபடி வரவில்லை.

#16 நிழல்நிரல்

கட்டைவிரல், இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் ஆராய்ச்சிக்கான கார்டு மலிவாகக் கிடைத்ததற்கு உங்களைப் போன்றவர்கள் கொடுத்த பணம் காரணம். அது எனக்குத் தெரியும்.

#17 முதல்வருடம்

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். ஈசிஇ படிக்கிறேன். ஒரு சந்தேகம். இப்போது சிப்லெட் என்று சொல்கிறார்களே, ஒரு பெரிய டைக்குப் பதில் பல சின்ன டை. அப்படியானால் கடைசியில் ஏடிஐ சொன்னதுதான் சரி என்று ஆகவில்லையா?

#18 மின்தறி

நல்ல கேள்வி தம்பி. பாதி ஆமாம்.

சிப்பின் வரைபடத்தை ஒளியால் வேஃபரில் பதிக்கும் லித்தோகிராஃபி இயந்திரம் ஒரு தடவைக்குப் பதிக்கக்கூடிய பரப்புக்கு ஓர் எல்லை உண்டு: 26க்கு 33 மி.மீ., அதாவது 858 சதுர மி.மீ. என்விடியாவின் எச்100 ஏற்கெனவே 814. அதற்கு மேல் வளர இடமில்லை. அதனால் 2024இல் அறிவித்த பிளாக்வெல்லில் அந்த எல்லையை ஒட்டிய இரண்டு டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நொடிக்கு 10 டெராபைட் ஓடும் இணைப்பால் தைத்தார்கள். மொத்தம் 20,800 கோடி டிரான்சிஸ்டர். நிரலுக்கு அது ஒரே ஜிபியுவாகத் தெரியும். 4870 எக்ஸ்2 அப்படி இல்லை. அங்கே இரண்டு சிப்பும் தனித்தனி மெமரியோடு, ஒரு ஃப்ரேம் இது, அடுத்த ஃப்ரேம் அது என்று மாறி மாறி வரைந்தன. கேமுக்கு ஏற்ற டிரைவர் இல்லையென்றால் இரண்டாவது சிப் தூங்கும்.

ஏஎம்டி 2022 டிசம்பரில் 7900 எக்ஸ்டிஎக்ஸில் வேறு மாதிரி பிரித்தது. நடுவில் கணக்குப் போடும் 300 சதுர மி.மீ. டை, 5 நானோமீட்டரில். சுற்றி ஆறு குட்டி டை, தலைக்கு 37 சதுர மி.மீ., மெமரி இணைப்பும் கேஷும் மட்டும், 6 நானோமீட்டரில். மெமரிக் கால்களும் கேஷும் புதுத் தயாரிப்பு முறையில் அவ்வளவாகச் சுருங்குவதில்லை, அதற்கு விலையுயர்ந்த வேஃபரை ஏன் வீணாக்க வேண்டும் என்ற கணக்கு. அழகான கணக்கு. ஆனால் அடுத்த தலைமுறையில், 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்டியில், மறுபடி ஒரே டைக்குத் திரும்பினார்கள். 357 சதுர மி.மீ., 599 டாலர், உச்சியில் போட்டியே போடவில்லை. பார்த்தவுடன் எனக்கு 2008 ஞாபகம் வந்தது.

ஆகவே அன்றைய பாடத்தை இன்று எல்லோரும் படித்துவிட்டார்கள். ஏஎம்டியும் கேமுக்கு ஆர்டிஎன்ஏ, கணக்குக்குச் சிடிஎன்ஏ என்று வீட்டை இரண்டு அறையாக்கியது. 2022இல் முதல் இடத்துக்கு வந்த ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டரில் இருப்பது அவர்களுடைய எம்ஐ250எக்ஸ்தான். மென்பொருளுக்கும் இப்போது ஆள் எடுக்கிறார்கள். பதினைந்து வருடம் தள்ளி.

#19 முதல்வருடம்

நன்றி அண்ணா. டையை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஈயப்பற்று அண்ணா, உங்கள் கடையில் பழுதான கார்டு இருந்தால் நேரில் வந்து பார்க்கலாமா? நான் சென்னைதான்.

#20 ஈயப்பற்று

தாராளமாக வா தம்பி. இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி பழைய பெட்டியைக் கிளறினேன். மெமரி போன 4870 ஒன்று, மூடி பெயர்த்த 280 ஒன்று, பவர் பகுதி கருகின 580 ஒன்று, மூன்றும் கிடைத்தன. 580இன் மூடியை இன்னும் திறக்கவில்லை. சனிக்கிழமை மாலை வந்தால் சேர்ந்தே திறக்கலாம். வெர்னியர் என்னிடம் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன், ஹைவே7 அண்ணனும் பார்க்கட்டும்.